முள் ஏறும் விதம்

எங்கள் தோட்டத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முள் வாசிக்கத் தெரியாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கொழுந்து மடுவத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை தராசு தொங்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் விருட்டென்று ஏறி, ஆடி, மெல்ல நிலைக்கு வரும். அது நிற்பதற்கு முன்பே கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். அதிலும் தண்ணிக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிவு வேறு. வரிசையில் நிற்கும் பெண்கள் அவர் வாயைப் பார்ப்பதில்லை, முள்ளையே பார்ப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். "முள்ளு இன்னும் ஆடுதுங்க ஐயா" என்பாள். சில நாள் அந்த ஒரு வார்த்தைக்கு அரைக் கிலோ கூடும். சில நாள் வசவு கூடும்.

அந்தப் பழக்கத்தோடுதான் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கராஜுக்குப் போவேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற வழியில், ஸ்டோருக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். (தேயிலை ஃபெக்டரியை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.) அங்கிருந்த மெக்கானிக்குக்குப் பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைவேலை தெரிந்தவர் எல்லாரும் இந்த நாட்டில் 'பாஸ்'. அவரும் பாஸ். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு சாமான் மட்டும் பழைய தேயிலை டின்னுக்குள், பனியன் துணியில் சுற்றி, மேல் தட்டில் இருக்கும். பிரஷர் கேஜ். உள்ளங்கை அகல முகம், கறுப்பு முள், 5,000 வரை கோடுகள். அந்த டின்னை அவர் இறக்கினால் கொட்டிலில் பேச்சு தணியும்.

தோட்டத்தில் பிரஷர் என்ற சொல் மூன்று இடத்தில் புழங்கும். டிஸ்பென்சரியில் அது கிழவிகளுக்கு இருக்கும். ஸ்டோரில் ரோலருக்கு இருக்கும்: மூடியை இறக்கி இலையை நசுக்குவதும், பிறகு தூக்கிச் சூடு ஆறவிடுவதும் டீமேக்கரின் கைப்பக்குவம். மூன்றாவது ட்ரக்டரின் ஹைட்ரோலிக் பிரஷர். ரோலரைப் பற்றி ரசித்துப் பேச ஆயிரம் பேர் உண்டு. மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிட வேண்டும். பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று டிரைவர்மார் நினைப்பார்கள். பம்ப் ஒயிலைத் தள்ளும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஒயிலுக்கு முன்னால் எதுவும் குறுக்கே நிற்காவிட்டால் முள் அசையக்கூட மாட்டாது. ட்ரக்டர் இழுக்கிற பெட்டியில் மூன்று டன் கல்லை ஏற்றுங்கள். பாரம் ஒயிலை மறிக்கும், மறித்த அளவுக்கு முள் ஏறும். கேஜில் தெரிவது பாரத்தின் பிடிவாதம். பம்பின் பலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அசையவே அசையாத ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்த வேண்டும். டெஸ்ட் என்பது அவ்வளவுதான்.

கேஜின் கணக்கு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல். கிலோ வந்து எத்தனையோ வருஷமான பிறகும் எங்கள் கிழவிகள் கொழுந்தை இறாத்தலில்தான் நினைத்துப் பார்த்தார்கள். கேஜும் இறாத்தலை விடவில்லை. பழைய மெசி பெர்குசன் வகை ட்ரக்டர்களில் பிரஷரின் உச்ச அளவு மாடலுக்கு மாடல் மாறி, 2,500க்கும் 3,000க்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். அது எவ்வளவு என்று கேட்டால் நான் மலையைக் காட்டுவேன். ஒரு மீட்டர் உயர நீர் தன் அடியில் 1.42 இறாத்தல் அழுத்தும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயர நுவரெலியாவரை ஒரு குழாயை நிறுத்தி நீர் நிரப்பினால் அடியில் ஏறத்தாழ 2,650. அதையே 2,243 மீட்டர் உயர சிவனொளிபாத மலையின் உச்சிவரை கொண்டுபோனால் 3,190. ஆக, 3,000 என்பது உச்சிக்குப் போகிற கடைசிப் படிகளுக்குச் சற்றுக் கீழே. இரண்டு கையில் அடங்குகிற ஒரு பம்ப், கறுத்த ஒயிலில் முங்கிக் கிடந்தபடி, அத்தனை உயரத் தண்ணீரின் பாரத்தைச் செய்துவிடுகிறது.

செய்து என்ன பயன் என்றால், பெட்டியைத் தள்ளித் தூக்குகிற, மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு ராமை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏழு சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தல் என்றால் 17,500 இறாத்தல், கிட்டத்தட்ட எட்டு டன் தள்ளு. மூன்று டன் பெட்டியைத் தூக்க எட்டு டன் எதற்கு என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வண்டிகளின் மூலவர் ஹரி பெர்குசன். அயர்லாந்துக்காரர், 1884இல் பிறந்தவர். 1909ஆம் ஆண்டின் கடைசி நாளில் தானே செய்த விமானத்தில் ஏறிப் பறந்தவர். அயர்லாந்தில் அதற்கு முன் யாரும் அப்படிப் பறந்ததில்லை. பாரத்தைத் தூக்குவது பற்றி ஆகாயத்தில் யோசித்தவர் பிறகு மண்ணுக்கு வந்தார். அந்தக் காலத்து ட்ரக்டர்கள் கலப்பை கல்லில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளியில் பிணைத்து, ஹைட்ரோலிக்கால் பிடித்து, கலப்பையின் பாரத்தையே பின்சக்கரத்தின் பிடிமானமாக்கியது அவர் யோசனை. 1926இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1946இலிருந்து 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்த சின்னச் சாம்பல் நிற பெர்குசன் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேல். அதன் பிள்ளைகள்தான் 35, 1964இல் வந்த 135, பின்னால் வந்த 240 எல்லாம். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே வண்டிகளும் அதே குடும்பம்.

எங்கள் சரிவில் ட்ரக்டரால் உழவு கிடையாது. இங்கே ட்ரக்டர் என்றால் பெட்டி இழுப்பது: கொழுந்து, விறகு, உரம், கவ்வாத்து மலைக்கு டொலமைட், ரோட்டுக்குக் கல். லொறி வராத இரவில் நோயாளியையும் அதுதான் இழுத்திருக்கிறது. கொழுந்துப் பெட்டியைக் கவிழ்ப்பதில்லை. கொழுந்தைக் கொட்டினால் நசுங்கும், நசுங்கினால் கறுக்கும். கல்லும் மண்ணும் ஏற்றுகிற டிப்பர் பெட்டிக்குத்தான் ஹைட்ரோலிக். ஆனால் டிப்பர் தூக்காமல் ட்ரக்டர் ரோட்டோரம் நின்றுவிட்டால் மத்தியானக் கொழுந்தை இழுக்க வண்டி இல்லை. சாக்குக்குள் இலை சூடேறிவிட்டால் டீமேக்கர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தும் பிரயோசனமில்லை.

பெர்குசன் பம்பில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. நாலு பிஸ்டன். சாதாரணமாக மற்ற வண்டிகளில் பம்ப் எந்நேரமும் ஒயிலை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், வேண்டாத நேரத்தில் வால்வ் அதைத் திருப்பித் தொட்டிக்கு அனுப்பும். பெர்குசன் வாசலிலேயே பூட்டுப் போட்டார். வேண்டாத நேரத்தில் பம்புக்குள் ஒயிலே போகாது. பிஸ்டன்கள் வெறுமனே போய் வரும். லீவரைத் தூக்கினால்தான் வாசல் திறக்கும். இப்படிச் சிக்கனமாக யோசித்த ஒரு மனுஷனைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும். (எங்கள் ஸ்டோரில் கும்பிட ரோதைமுனி இருக்கிறார். சுழல்கிற சாமான் எல்லாம் அவர் பொறுப்பு; பம்பும் அதில் சேர்த்திதான்.)

ஒரு தை மாதக் காலை நினைவிருக்கிறது. மலைமேல் புல் வெளுத்துப் பனி உறைந்திருந்தது. பொடியன் டிரைவர் ஒருவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"காலையில நல்லாத் தூக்குது பாஸ். பத்து மணிக்கு மேல பாதியிலேயே நின்னுக்குது."

பாஸ் முதலில் பி.டி.ஓ. லீவரைப் பார்த்தார், என்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற ஷாஃப்டின் லீவர். இந்த வகை வண்டியில் பம்ப் சுழல்வதே அந்த ஷாஃப்டில்தான். லீவர் நியூட்ரலில் கிடந்தால் பம்பும் கிடக்கும். தூக்கவில்லை என்று வருகிற வண்டிகளில் சில அந்த லீவரைத் தள்ளியதும் குணமாகிப் போய்விடும், காசும் வாங்க முடியாது. இது அப்படி இல்லை. அடுத்து டிப் குச்சியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கியர் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், முப்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நல்ல ஒயில் பிளேன்டீ மாதிரி ஊடே வெளிச்சம் காட்டும். கியர் லீவரின் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணி இறங்கினால் பால் தேத்தண்ணி ஆகிவிடும். இது பிளேன்டீதான்.

"போய் ரெண்டு லோடு இழுத்துட்டு வா" என்றார்.

கேஜை எடுக்கவேயில்லை. பொடியனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. குளிரில் ஒயில் தடித்துக் கிடக்கும். தேய்ந்த வால்வின் இடுக்கு வழியாகவும், வெடித்த சீலின் ஓரமாகவும் அது நழுவாது. விடியற்காலை நுவரெலியாப் பக்கம் எந்தக் கிழட்டுப் பம்பும் இளவட்டம்தான். சூடேறி ஒயில் இளகிய பிறகுதான் உள்ளே இருக்கிற ஓட்டைகள் வாய் திறக்கும். குளிர்ந்த வண்டியில் பிரஷர் பார்த்து 'எல்லாம் சரி' என்று எழுதிக் கொடுக்கிறவரை நான் மெக்கானிக் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதினொரு மணிக்கு வண்டி சூடாகத் திரும்பி வந்தது. டின் இறங்கியது.

இனி நடந்ததைக் கிட்டத்திலிருந்து சொல்கிறேன். ட்ரக்டரின் பின்புறம், சீட்டுக்குக் கீழே, டிப்பருக்கு ஒயில் போகிற குழாயின் வாய் இருக்கிறது. அதைச் சுற்றி முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார். ஒரு துளி மணல் உள்ளே போனால் அது பம்பையே தின்னும். பிறகு ஜொயின்டை விரலாலேயே முடுக்கினார், ஸ்பேனர் தொடவில்லை. காரணம் கேட்டேன். அரை அங்குல மரையில் பிரிட்டிஷ்காரனும் அமெரிக்காக்காரனும் அங்குலத்துக்குப் பதினாலு சுற்றுத்தான் வைத்திருக்கிறான். ஆனால் ஒருவன் மரையின் கோணம் 55 பாகை, மற்றவனுடையது 60. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று நட்பாகப் போகும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டால் இன்னும் போகும், சண்டை போட்டுக்கொண்டே போகும். 2,000த்தில் ஒழுகும். விரலால் கடைசிவரை வழுக்கிப் போனால்தான் சொந்தம்.

அடுத்து தூக்கும் கைகள் இரண்டையும் சங்கிலியால் கீழே கட்டினார். இதுதான் அசையாத பாரம். கை மேலே வந்துவிட்டால் உள்ளிருக்கிற வால்வ் 'போதும்' என்று வாசலைச் சாத்திவிடும், பிரஷர் ஏறாது. கை வரவே முடியாதபடி கட்டிப்போட்டால் வால்வ் திறந்தபடியே இருக்கும், பம்ப் முட்டிக்கொண்டே இருக்கும், அளவு மிஞ்சினால் திறக்கிற ரிலீஃப் வால்வ் பிய்த்துக்கொண்டு ஒயிலை விடும்வரை. அந்த விடுகிற இடம்தான் நாம் தேடுகிற எண். பொடியனை சீட்டில் ஏற்றி, எங்களை எல்லாம் சங்கிலிக்கு நேரே நிற்காதபடி விலக்கி, ஐட்லில் வைத்து லீவரைத் தூக்கச் சொன்னார்.

ஒரு நல்ல பம்பில் முள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். தயங்காது. கீழே நூறு இருநூறில் ஒரு சின்ன இழுப்பு, குழாயில் இருக்கிற காற்று நசுங்குகிற நேரம். பிறகு ஒரே வீச்சில் 2,700, 2,800 என்று ஏறி, அங்கே ஒரு சிலிர்ப்போடு நிற்கும். அதே நொடியில் வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து 'கீய்ங்' என்று ஒரு முனகல். ரிலீஃப் வால்வின் குரல் அது. இரண்டு மூன்று வினாடி கேட்டால் போதும், லீவரை இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் ஒயில் வெந்துபோகும்.

அன்றைக்கு முள் ஆயிரம் வரை ஒழுங்காக வந்தது. பிறகு சோம்பியது. ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு. நின்றுவிட்டது. முனகல் இல்லை. பாஸ் எண்ணைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கேஜின் மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, முள்ளின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு மாதிரிக் கேட்டுப் பாரு" என்றார்.

நாலு பிஸ்டனும் சரியாகத் தள்ளினால் ஐட்லிலும் முள்ளில் பொடி நடுக்கம்தான் தெரியும், வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு, கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. நாலில் ஒன்று செத்துவிட்டால் சுற்றுக்கு ஒருமுறை ஒரு பள்ளம் விழும். முள் நொண்டும். பிரட்டுக்களத்துத் தப்பு மேளத்தில் நாலு அடியில் ஓர் அடி விழாத மாதிரி. இந்த நொண்டலைப் பார்க்கத்தான் அவர் கிளிசரின் நிரப்பிய கேஜை வாங்கவில்லை. கிளிசரின் முள்ளைக் காப்பாற்றும், கையில் பிடித்தால் ஆடாமல் அழகாக நிற்கும். முள் சொல்ல வந்ததையும் சேர்த்து அமுக்கிவிடும். கம்பெனி ஆட்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேஜ் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பார்கள். கெடும்தான். ஆனால் கெடும்வரை பேசும்.

பிறகு ஒரே ஒரு சோதனை. "கொஞ்சம் ஏத்து" என்று எக்ஸிலரேட்டரைக் காட்டினார். என்ஜின் வேகம் கூடக் கூட முள்ளும் இரண்டாயிரத்தைத் தாண்டியது. இதுதான் எனக்கு இன்றைக்கும் சொல்லச் சொல்ல இனிக்கிற இடம். ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் என்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும், முனகலும் கேட்கும். வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்றால் எங்கேயோ ஒயில் நழுவுகிறது, வேகமாகத் தள்ளுவதால் நழுவுகிற நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. ஒரு மூடியைக்கூடக் கழற்றாமல், முள் நின்ற இடம், நொண்டிய விதம், வேகத்துக்குக் கொடுத்த பதில் மூன்றையும் வைத்து, பம்பின் ஒரு பக்கத்து வால்வ் இருக்கையில் உட்காரவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் லிப்ட் மூடியைத் தூக்கி, ஷாஃப்டை இழுத்து, பம்பை வெளியே எடுத்தபோது அந்தப் பக்கத்து வால்வின் விளிம்பில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு வெட்டு.

ஸ்பிரிங் தளர்ந்த வண்டி வேறு கையில் போனால் வாஷர் விழும். சில வகை வண்டிகளில் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து எண்ணை ஏற்றிக்காட்டலாம். கேஜும் ஏறும், காசும் ஏறும். ஒரு மாதத்தில் ஹோஸ் வெடிக்கும், அல்லது பம்பின் உடலே கீறும். அப்படி ஒரு வண்டியை டவுனில் ஓர் இடத்தில் சரிபார்த்து வாங்கி வந்து, பெட்டி பாதியில் நின்ற மலைப்பாதையில் நானும் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

கேஜுக்குள் இருப்பதும் எளிமையானதுதான். 1849இல் பாரிசில் யூஜின் பூர்தோன் என்றவர் கண்டுபிடித்தது: தட்டையாக்கிய ஒரு குழாயை வளையல் மாதிரி வளைத்து ஒரு முனையை மூடிவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் வளையல் நிமிரப் பார்க்கும். நிமிர்வது மயிரிழை, அதைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளில் காட்டும். 3,000 பார்க்க 5,000 கேஜ் எதற்கு என்றால், அடிக்கடி கடைசிக் கோடுவரை நிமிர்கிற வளையல் நாளடைவில் மறுபடி சரியாக வளையாது. அதற்குப் பிறகு முள் பூச்சியத்துக்கு வராமல் ஐம்பதிலோ நூறிலோ உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் பாஸ் கேஜைத் துடைப்பதற்கு முன் முகத்தைத் திருப்பி, முள் பூச்சியக் குண்டூசியைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பார்.

எட்டு டன் கேள்வி பாக்கி. டெஸ்ட் முடிந்த பிறகு அவர் எனக்காகச் செய்து காட்டிய வேடிக்கை அது. குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு டீ ஜொயின்ட் போட்டு அதில் கேஜை மாட்டினார். (தேயிலைத் தோட்டத்தில் எந்த வேலைக்கும் நடுவில் ஒரு டீ வேண்டும்.) பெட்டி நிறையக் கல். லீவரைத் தூக்கியதும் பெட்டி அசையவே இல்லை, முள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் பாய்ந்தது. ராம் அப்போது ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. அதன் தள்ளில் பெரும் பங்கு முன்னோக்கி வீணாகிறது, மேலே தூக்கக் கிடைப்பது கொஞ்சம். எட்டு டன் அந்த முதல் சாண் உயரத்துக்குத்தான் வேண்டும். பெட்டி மூக்கைத் தூக்கியதும் ராம் நிமிர்கிறது, முள் இறங்கத் தொடங்குகிறது. பாரம் ஒரு கல்கூடக் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது. பின் கதவு திறந்து கல் சரிந்த நொடியில் முள் இரண்டு துள்ளலில் விழுந்தது. ஈரக் கொம்போஸ்ட் என்றால் வேறு கதை: அது பெட்டியில் ஒட்டிக்கொண்டு, முள் நடுவழியில் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி நிற்கும், கட்டி பெயரும்போது தொப்பென்று விழும். கண்ணை மூடிக்கொண்டு, முள்ளின் இறக்கத்தை யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், பெட்டியில் என்ன ஏற்றியிருக்கிறது என்று பாஸ் சொல்லிவிடுவார் என்று பேச்சு. நான் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன்.

பெட்டியைப் பாதியில் நிறுத்தி என்ஜினை அணைத்துக் காத்திருந்து பார்ப்பது இன்னொன்று. சீல் நன்றாக இருந்தால் பெட்டி நிற்கும். தேய்ந்திருந்தால் தெரிந்தும் தெரியாமலும் நழுவும். அந்த நேரத்தில் யாரும் பெட்டிக்குக் கீழே தலையை விடக்கூடாது, முட்டு வைக்காமல். ஹோஸில் ஒழுக்கு தெரிந்தால் கையால் தடவக் கூடாது. ஊசித் துவாரத்திலிருந்து வருகிற ஒயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு கொசுக்கடிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. பாஸ் தேயிலைப் பெட்டி அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பிடித்து ஹோஸ் நெடுக நகர்த்துவார். அட்டையில் கறை எங்கே விழுகிறதோ அங்கே ஒழுக்கு.

இப்போது மடுவத்தில் டிஜிட்டல் தராசு. கராஜுக்கும் டிஜிட்டல் கேஜ் வந்துவிட்டது, பாஸுக்கும் வயதாகிவிட்டது. போன முறை ஊருக்குப் போனபோது ஒரு பொடியன் அதை மாட்டி லீவரைத் தூக்கினான். திரையில் நாலு எண்கள். முதல் இரண்டும் இருபத்தேழில் நின்றுவிட்டன. கடைசி இரண்டும் பிடிபடாமல் பறந்துகொண்டிருந்தன. பையன் அவை நிற்கட்டும் என்று காத்திருந்தான். பாஸ் பின்னாலிருந்து கையை நீட்டி, கட்டைவிரலால் அந்த இரண்டு எண்ணையும் மூடிவிட்டு, தலையைச் சாய்த்து வண்டியின் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.